பழைய மைப்பேனா வாங்குமுன் நிப்பைப் பார்ப்பது எப்படி?

கேள்வி சுருக்கமாக இதுதான்: 1950 வாக்கில் செய்த பார்க்கர் 51 ஒன்று, ‘ரீஸ்டோர்’ செய்தது என்று விற்பனைக்கு வந்திருக்கிறது. விற்பவர் “நிப்பு நல்ல கண்டிஷன், சும்மா வழுக்கிக்கிட்டுப் போகும்” என்கிறார். மேலிருந்து எடுத்த இரண்டு படங்களும் அனுப்பியிருக்கிறார். நம்பி வாங்கலாமா, நிப்பின் நிலையை எதை வைத்து மதிப்பிடுவது?

முதலில் அந்த ‘வழுக்கும்’ என்ற வார்த்தையை ஓரமாக வையுங்கள். எந்தக் கரடுமுரடான நிப்பையும் பத்து நிமிடத்தில் வழுக்க வைத்துவிடலாம். மைக்ரோமெஷ் பட்டையோ மைலார் தாளோ (இரண்டும் மிக நுண்ணிய உரசுதாள் வகைகள்) இருந்தால் போதும், அதன் மேல் எட்டு எட்டாகப் போட்டுத் தேய்த்தால் வேலை முடிந்தது. ஆனால் ஒவ்வொரு தேய்ப்புக்கும் முனையிலிருந்து கொஞ்சம் உலோகம் போகிறது. போனது போனதுதான். பழைய பேனாவில் மற்ற எதையும் மாற்றலாம்: ரப்பர் பை, டயஃப்ரம், கிளிப், மூடி வளையம் எல்லாவற்றுக்கும் எங்காவது உதிரி கிடைக்கும். முனை உலோகத்தை மட்டும் சுலபமாகத் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆகவே முனையில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். எழுதும் சுகம் அதற்கு அப்புறம்தான்.

அந்த முனை என்ன என்று ஒரு வரி சொல்லிவிடுகிறேன். நல்ல பழைய நிப்புகள் பெரும்பாலும் 14 காரட், அதாவது 58.5 சதவீதம் தங்கம். சிலவற்றில் 585 என்றே பொறித்திருக்கும். தங்கம் மையால் அரிக்கப்படாது என்பது அதன் பலம், மெது என்பது பலவீனம். வெறும் தங்கத்தைக் காகிதத்தில் தேய்த்தால் சீக்கிரமே மழுங்கிவிடும். அதனால் நுனியில் கடினமான உலோகத்தில் ஒரு சிறு உருண்டையை ஒட்டவைத்து, பிறகு அந்த உருண்டையோடு சேர்த்து நடுவில் அறுத்துப் பிளவு போடுகிறார்கள். இரிடியம் வகை உலோகத்தை இப்படிப் பயன்படுத்தலாம் என்று ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் கண்டது 1834-இல். இன்றும் ‘இரிடியம் முனை’ என்றுதான் பேச்சு, உள்ளே இருப்பது ஆஸ்மியம், ருத்தேனியம், டங்ஸ்டன் என்று பல கலவை. பிளவின் இருபுறமும் நிற்கும் இரண்டு பாதிகளுக்கு டைன் என்று பெயர். ஒவ்வொரு டைனின் நுனியிலும் அரை உருண்டை இருக்க வேண்டும்.

அடுத்து, ‘ரீஸ்டோர்’ என்ற சொல். விற்பவர்கள் பெரும்பாலோர் இதைச் சொல்லும்போது மை நிரப்பும் பகுதியைச் சரிசெய்து, கழுவி, மேல்பூச்சுக்குப் பளபளப்பு ஏற்றியதைத்தான் குறிக்கிறார்கள். நிப்பில் யாரும் கை வைக்காமலே இருந்திருக்கலாம், அல்லது வைக்கக்கூடாத அளவுக்கு வைத்திருக்கலாம். நீங்கள் கேட்கும் 51-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 1948-க்குப் பிறகு வந்தது ஏரோமெட்ரிக் வகை. அதில் பிளை-கிளாஸ் என்ற ஒளி ஊடுருவும் பை இருக்கிறது. எழுபது ஆண்டு கழித்தும் அது பெரும்பாலும் அப்படியே வேலை செய்கிறது. நன்றாகத் தண்ணீர் விட்டு அலசினாலே பாதிப் பேனாக்கள் எழுதத் தொடங்கிவிடும். அதற்கு முந்தைய வாக்யுமேட்டிக் வகை என்றால் ரப்பர் டயஃப்ரம் மாற்றியாக வேண்டும், அங்கே உண்மையிலேயே வேலை இருக்கிறது. ஆக, 1950 மாடல் ஒன்றை ‘ரீஸ்டோர்’ செய்தேன் என்பவரிடம் நிப்பில் என்ன செய்தீர்கள் என்று நேராகவே கேட்கலாம். “அலைன் செய்தேன், முனையைத் தேய்க்கவில்லை”, அதாவது இரண்டு டைன்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்ததோடு சரி என்ற பதில் நல்ல பதில். “எல்லாம் ஸ்மூத் பண்ணியாச்சு” என்றால் இன்னும் இரண்டு படம் கேளுங்கள்.

சரி, என்ன படம் கேட்பது? மேலிருந்து எடுத்த படம் நிப்பின் அழகைக் காட்டும், உடல்நிலையைக் காட்டாது. கேட்க வேண்டியது பக்கவாட்டுப் படம், நேர் எதிரே நின்று நுனியைப் பார்த்த படம், அடியிலிருந்து நாக்கட்டை (நிப்புக்கு அடியில் ஒட்டி நின்று மையைக் கொண்டுவரும் துண்டு) தெரியும் படம், பின்னால் வெளிச்சம் வைத்துப் பிளவைக் காட்டும் படம். நேரில் போகிறீர்கள் என்றால் நகைக்கடையில் கல் பார்க்கும் பத்து மடங்கு லென்ஸ் ஒன்று போதும். கைபேசியில் மேக்ரோ படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பதும் ஓரளவுக்கு உதவும், ஆனால் கைபேசி தானாகவே படத்தைக் கூர்மையாக்கும் பழக்கம் உள்ளது. இல்லாத கீறல் தெரியும், இருக்கிற விரிசல் மறையும். லென்ஸுக்கு ஈடில்லை.

பக்கவாட்டில்தான் உண்மை தெரியும். நல்ல நிப்பின் நுனி அடிப்பக்கம் உருண்டு, கொஞ்சம் வயிறு போட்டிருக்கும். தேய்ந்ததில் அந்த வயிறு இருக்காது. அதற்குப் பதில் சாய்வாக ஒரு தட்டைப் பரப்பு, கத்தியால் சீவியதுபோல ஒரே கோட்டில் இறங்கும். பழைய செருப்பை எடுத்துப் பார்த்தால் குதிகால் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதிலிருந்து போட்டவர் நடையைச் சொல்லிவிடலாம் அல்லவா, நிப்பும் அப்படித்தான். முப்பது வருஷம் ஒரே ஆள், ஒரே கோணத்தில், ஒரே பக்கம் திருப்பிப் பிடித்து எழுதியிருந்தால் அந்தத் தட்டை அவர் கைக்கு ஏற்ப விழுந்திருக்கும். அவர் பிடித்த கோணத்தில் நீங்களும் பிடித்தால் பிரமாதமாக எழுதும். கொஞ்சம் திருப்பினாலோ பேனாவை நிமிர்த்தினாலோ அந்தத் தட்டையின் ஓரம் காகிதத்தைக் கிழிக்கும். இடதுகைக்காரர் எழுதிய நிப்பில் இந்தத் தட்டை எதிர்ப்புறம் சாய்ந்திருக்கும். வலதுகைக்காரருக்கு அது ஏன் ஒத்துவரவில்லை என்றே புரியாது.

லேசான தட்டை இருந்தால் பயப்பட வேண்டாம். அதன் ஓரத்தை மட்டும் மழுக்கினால் போதும், எழுத்து சரியாகிவிடும். தட்டை விழுந்த இடத்துக்கு மேலே இன்னும் கனமாக உலோகம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தங்க நிப்பில் இதைப் பார்க்க ஒரு நல்ல வழி நிறம். நிப்பு மஞ்சள், முனை உலோகம் வெள்ளி கலந்த சாம்பல். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய எல்லைக்கோடு லென்ஸில் பளிச்சென்று தெரியும். அந்தக் கோட்டுக்கு முன்னால் சாம்பல் நிறம் எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் என்று பாருங்கள். அடிப்பக்கத்தில் மஞ்சள் நுனிவரை வந்துவிட்டது என்றால் நீங்கள் தங்கத்தின் மேலேயே எழுதப் போகிறீர்கள். அந்தப் பேனாவை அன்போடு கீழே வைத்துவிடலாம்.

இந்த இடத்தில் ஒரு விற்பனைத் தந்திரம். முனை போய்ப் பட்டையாகிவிட்ட நிப்பை ‘ஸ்டப்’ என்று போட்டு விற்பார்கள். அசல் ஸ்டப் நிப்பு என்று ஒன்று உண்டு, கீழ்க்கோடு பட்டையாகவும் குறுக்குக்கோடு மெல்லிசாகவும் வரும், தேடி வாங்குபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அசலில் சாம்பல் நிற முனை அகலமாக, இரு பக்கமும் சமமாக இருக்கும். தேய்ந்து ஸ்டப் ஆனதில் ஒரு பக்கம் சாய்ந்து, உலோகம் சிட்டிகை அளவே மிஞ்சியிருக்கும். விளம்பரத்தில் “இயற்கையாகவே ஸ்டப் ஆனது” என்று படித்தால் சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

நேர் எதிரே நின்று நுனியைப் பார்க்கும்போது இரண்டு அரை உருண்டைகளும் ஒரே அளவில், ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே, ஒன்று கீழே என்றால் அது அலைன்மென்ட் கோளாறு. பேனாவில் வரக்கூடிய கோளாறுகளிலேயே மலிவானது இதுதான். கட்டைவிரல் நகத்தால் மெல்ல அழுத்தி ஒரு நிமிடத்தில் சரிசெய்வார்கள். இதைக் காட்டி விலை குறைக்கக் கேட்கலாம், பேனாவை ஒதுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு உருண்டை சிறியது, இன்னொன்று பெரியது என்றாலோ, ஒன்றில் மூலை உடைந்திருந்தாலோ அது வேறு கதை. ஒரு டைனில் முனையே இல்லாமல் கூடப் பேனா எழுதும், அதுவும் சுமாராக நன்றாகவே எழுதும். அதனால்தான் எழுதிக் காட்டிய மாதிரியை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்கிறேன். முனை போன நிப்புக்குப் புது முனை வைத்துத் தருகிற நிபுணர்கள் வெளிநாட்டில் சிலர் இருக்கிறார்கள். செலவு பேனாவின் விலையைத் தாண்டிவிடலாம், காத்திருப்பும் நீளம். தாத்தா பேனா என்றால் செய்யலாம், கடையில் வாங்கும் பேனாவுக்குச் செய்யாதீர்கள்.

பின்னால் வெளிச்சம் வைத்தால் பிளவின் வழியே முடி கனத்துக்கு ஒரு ஒளிக்கோடு தெரியும். பிளவு தொடங்கும் இடத்தில் நிப்பின் நடுவே உள்ள காற்றுத்துளையிலிருந்து நுனிக்குப் போகப் போக அது குறுகி, நுனியில் இரண்டு டைன்களும் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். தலைகீழாக, நுனியில் அகலமாக விரிந்திருந்தால் யாரோ அழுத்தி எழுதி நிப்பை விரித்துவிட்டார்கள். கார்பன் காப்பி எடுத்த அலுவலகங்களில் இருந்த பேனாக்களுக்கு இந்தக் கதி அதிகம். அதற்கென்றே முரட்டு நிப்புகள் விற்றார்கள் என்றாலும் எல்லாரும் அதைத்தான் வாங்கினார்கள் என்று சொல்ல முடியாது. விரிந்த நிப்பைப் பக்கவாட்டில் பார்த்தால் நாக்கட்டைக்கும் நிப்புக்கும் நடுவே இடைவெளி தெரியும். மை அந்த இடைவெளியைத் தாண்டி வராது, வந்தால் கொட்டும். லேசான விரிவு சரியாகும். நிப்பு மேல்நோக்கி வளைந்து மடங்கியே போயிருந்தால் நிமிர்த்திய பிறகும் தங்கத்தில் அலை அலையாகத் தெரியும். நிப்பை வெளிச்சத்தில் மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள், ஒளி நேராக வழிந்து ஓடினால் சரி, நடுவில் நெளிந்தால் அந்த நிப்பு ஒருமுறை தரையில் குத்தி நிமிர்த்தப்பட்டது. அப்படி நிமிர்த்தியது மோசம் என்று அர்த்தமில்லை, விலையில் மட்டும் அது தெரிய வேண்டும்.

விரிசலுக்கு மன்னிப்புக் கிடையாது. காற்றுத்துளையின் ஓரத்திலிருந்து பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு, அல்லது நிப்பின் அடிப்பாகத்தில், கழுத்துக்குள் நுழையும் இடத்தில் ஒரு கோடு. அழுக்கா விரிசலா என்று சந்தேகம் வந்தால் ஈரப் பஞ்சால் துடைத்துப் பாருங்கள். துடைத்த பிறகு மை மறுபடி அந்தக் கோட்டில் கசிந்து வந்தால் விரிசல். லேசர் வெல்டிங்கில் ஒட்டலாம், ஆனால் அந்த வேலை தெரிந்தவரைத் தேடுவதே பெரும்பாடு. வாட்டர்மேன் 52 போன்ற வளைந்து கொடுக்கும் பழைய நிப்புகளில் இது அதிகம் வரும். காரணம், விற்பவர்களே. நிப்பு எவ்வளவு விரிகிறது என்று காட்டப் படத்துக்குப் படம் அழுத்தி எழுதிக் காட்டுவார்கள். இரண்டு மில்லிமீட்டர் பட்டைக்கோடு பார்ப்பதற்கு அழகுதான், ஒவ்வொரு அழுத்தமும் அந்தத் துளையின் ஓரத்தில் கணக்கு வைக்கப்படுகிறது. விளம்பரத்தில் கோடு எவ்வளவு அகலமோ அவ்வளவு கவனமாகத் துளையைப் பாருங்கள்.

தங்க முலாம் பூசிய எஃகு நிப்பு என்றால் துருவையும் பார்க்க வேண்டும். பிளவின் உள்ஓரத்திலும் கழுத்துக்குள் மறைந்த பகுதியிலும்தான் அது முதலில் பிடிக்கும். வெளியே பளபள என்று இருக்கும், உள்ளே சொரசொரவென்று பள்ளம் விழுந்திருக்கும். எஃகு என்பதற்காகக் குறைவாக நினைக்க வேண்டாம். போர்க்காலத்தில் ஜெர்மனியில் தங்கத்துக்குக் கட்டுப்பாடு வந்தபோது பெலிகான் தன் நிப்புகளில் பலவற்றைக் குரோமியம்-நிக்கல் எஃகில் செய்தது, மேலே சிஎன் என்று பொறித்திருக்கும். அந்த நிப்பு எழுதுவது சில தங்க நிப்புகளைவிட எனக்குப் பிடிக்கும்.

இப்போது எழுதிப் பார்ப்பது. நேரில் போனால் விற்பவரின் வழவழப்பான தாளில் எழுதாதீர்கள், நீங்கள் தினம் எழுதும் நோட்டுத்தாளில் இரண்டைக் கொண்டுபோங்கள். மையில் முக்கி எழுதினால் நிப்பு மட்டும்தான் தெரியும், நாக்கட்டை தெரியாது, அதனால் நிரப்பி எழுத முடிந்தால் நல்லது. நமக்கு ஒரு வசதி, தமிழ் எழுத்தே ஒரு சோதனைத்தாள். ண, ஞ, ஐ, ழ, இவற்றை நான்கைந்து முறை மெதுவாக, அழுத்தாமல் எழுதுங்கள். பேனா எல்லாத் திசையிலும் சுழன்று திரும்பிவிடும். ஒரு திசையில் போகும்போது மட்டும் உரசினால் டைன் ஏறியிறங்கி இருக்கிறது, சரியாகிவிடும். எல்லாத் திசையிலும் உரசினால் முனையின் மேற்பரப்பே கரடு. பேனாவைக் கையில் கொஞ்சம் திருப்பிப் பிடித்தால்தான் உரசுகிறது என்றால் நான் மேலே சொன்ன தட்டையின் ஓரம்.

அப்புறம் மூடியைத் திறந்து அரை நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, காகிதத்தில் பேனாவின் எடை மட்டும் விழும்படி ஒரு கோடு போடுங்கள். முதல் கால் அங்குலம் மை வராமல், பிறகு ஒழுங்காக வந்தால் அதிகம் தேய்த்த நிப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. பிளவின் உள்விளிம்புகள் இரண்டும் உருண்டுபோனால் நடுவில் ஒரு பள்ளம் விழுந்து, மை காகிதத்தைத் தொடாமல் மேலேயே நின்றுவிடும். பேனாக்காரர்கள் இதை பேபி பாட்டம் என்பார்கள். விற்பவர் எழுதிக் காட்டும் வீடியோவில் இது தெரியாது, காரணம் அவர் நிறுத்தாமல் எழுதிக்கொண்டே போவார், கொஞ்சம் அழுத்தியும் எழுதுவார். கையெழுத்துப் போடவும் குறிப்பெடுக்கவும் பேனா வேண்டும் என்பவரைத்தான் இந்தக் கோளாறு அதிகம் படுத்தும்.

கம்பெனிக்குக் கம்பெனி சில விசேஷங்கள் உண்டு. ஷேஃபரின் டிரையம்ஃப் நிப்பு, 1942-இல் வந்தது, கழுத்தைச் சுற்றிக் கூம்பாக இருக்கும். அதன் நுனி கொஞ்சம் மேல்நோக்கித் திரும்பியே இருக்கும். செய்ததே அப்படித்தான். வளைந்துவிட்டது என்று திருப்பி அனுப்பியவர்களும் உண்டு, நேராக்குகிறேன் என்று கெடுத்தவர்களும் உண்டு. எஸ்டர்புரூக் ஜே வகை என்றால் நிப்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். நிப்பும் நாக்கட்டையும் ஒரே துண்டாகத் திருகிக் கழற்றும்படி இருக்கும், வேறொன்று வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். எண்ணை மட்டும் பாருங்கள். 9-இல் தொடங்கும் நிப்புகளில் கடின முனை உண்டு. 1, 2-இல் தொடங்குபவை எஃகையே மடித்து முனையாக்கியவை, அவை தட்டையாகத் தேய்ந்திருப்பது சாதாரணம், அந்தத் தேய்மானத்துக்குப் பெரிய விலைக்குறைப்பு எதிர்பார்க்காதீர்கள்.

மாற்றிப் போட்ட நிப்பையும் கவனிக்க வேண்டும். வாட்டர்மேன் பேனாவில் வாட்டர்மேன் என்றே பொறித்த நிப்பு இருக்க வேண்டும். ‘வாரண்டட் 14 காரட்’ என்று மட்டும் இருந்தால் அது யாருக்கும் விற்ற பொது நிப்பு. எழுதக்கூடும், ஆனால் அசல் விலை கொடுக்கக் கூடாது. ‘இரிடியம் பாயின்ட் ஜெர்மனி’ என்று 1930-ஆம் ஆண்டுப் பேனாவில் இருந்தால் அந்த நிப்புக்கும் பேனாவுக்கும் சம்பந்தமில்லை. சக்கரத்தில் வைத்துப் பளபளப்பு ஏற்றியதில் எழுத்துகள் மங்கிப்போன நிப்பையும் தவிருங்கள். மேலே எழுத்தே தேயுமளவு உலோகம் போயிருந்தால் முனைக்கும் அதே உபசாரம் நடந்திருக்கும்.

இனி உங்கள் 51. இதில் நிப்பின் பெரும்பகுதி அதை மூடியிருக்கும் கூண்டுக்குள் மறைந்திருக்கிறது, வெளியே தெரிவது நுனியில் ஓரிரு மில்லிமீட்டர். அதனால் காற்றுத்துளை, விரிசல், பொறிப்பு எதையும் கழற்றாமல் பார்க்க முடியாது, வெளியே தெரியும் அந்த நுனிதான் சாட்சி. நல்ல செய்தி, உள்ளே குழாய் வடிவ நிப்பு பத்திரமாக இருப்பதால் மடங்குவதும் வெடிப்பதும் குறைவு. கெட்ட செய்தி, வேறு நிப்பு போட வேண்டுமானால் கூண்டைச் சூடுகாட்டிக் கழற்ற வேண்டும், அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை. பக்கவாட்டுப் படத்தில் முனைக்கு அடியில் வயிறு இருக்கிறதா பாருங்கள். பழைய 51-களில் முனை தாராளமாகவே இருக்கும், அதனால் தேய்ந்தது சுலபமாகக் கண்ணில் படும். முன்னிருந்து பார்க்கையில் நிப்பு கூண்டின் உதட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால் யாரோ கழற்றிச் சரியாக மாட்டவில்லை. தங்க நிப்பு என்கிறாரா என்றும் பாருங்கள். 51 ஸ்பெஷல் மாடலில் ஆக்டேனியம் என்ற, தங்கமில்லாத உலோகக் கலவை நிப்பு, வெளியே தெரியும் சிறு நுனியை வைத்து வித்தியாசம் சுலபமாகத் தெரியாது. எழுத்தில் குறை சொல்ல முடியாது, ஆனால் தங்க விலை கொடுக்க வேண்டியதும் இல்லை.

நான்கு படங்களையும் கேட்டு, அரை நிமிடம் வைத்துவிட்டு எழுதும் ஒரு சின்ன வீடியோவும் கேளுங்கள். நிப்பு சரியில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கவாட்டுப் படம் அனுப்பத் தயங்கினால் விட்டுவிடுங்கள். பார்க்கர் 51 என்பது ஒரு கோடிக்கும் மேல் விற்ற பேனா, அடுத்த மாதம் இன்னொன்று வரும்.